மனுவிலிருந்து வாக்குக்கு: மலேசியாவின் 2008 தேர்தல்

2008 மார்ச் 8 இரவு மலேசிய எதிர்க்கட்சித் தலைவர்கள் தங்கள் ஆதரவாளர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டது, ஊர்வலம் வேண்டாம் என்பதுதான். அவர்கள் வரலாற்றில் அதுவரை கிடைத்திராத வெற்றி அது. ஏற்கெனவே கையில் இருந்த கிளந்தானைத் தக்கவைத்ததோடு கெடா, பினாங்கு, பேராக், சிலாங்கூர் என நான்கு மாநிலங்களைப் புதிதாகப் பிடித்திருந்தார்கள். தலைநகர் கோலாலம்பூரின் 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் 10 அவர்கள் பக்கம் வந்திருந்தன. அப்படியும் கொண்டாட்டத்தை அடக்கிவைக்கச் சொன்னதற்குக் காரணம் 1969-இல் நடந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் பெற்ற முன்னேற்றத்தைக் கொண்டாடிக் கோலாலம்பூரில் ஊர்வலங்கள் நடந்தன. அவற்றைத் தொடர்ந்து மே 13-இல் இனக்கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தேதி ஓர் எச்சரிக்கையாக உயிரோடு இருந்தது. ஆளும் கூட்டணியை அசைத்தால் நாடே அசையும் என்ற அச்சம் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரிடமும் ஊறிப்போயிருந்தது.

2008-இன் அந்த இரவு அமைதியாகக் கழிந்தது. தேர்தல் முடிவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மற்ற எல்லா எண்களுக்கும் பொருள் தருவது இந்த அமைதிதான் என்று நான் நினைக்கிறேன்.

எண்களைப் பார்த்துவிடுவோம். 2004-இல் நாடாளுமன்றத்தின் 219 இடங்களில் 198 இடங்களை ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி வென்றது. பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 64 விழுக்காடு அதற்கு விழுந்தது. நான்கே ஆண்டுகளில், 222 இடங்கள் கொண்ட மன்றத்தில் அது 140-க்கு இறங்கியது. மக்கள் நீதிக் கட்சியான கெஅடிலான் 31, ஜனநாயக செயல் கட்சி 28, இஸ்லாமியக் கட்சியான பாஸ் 23 என எதிர்த்தரப்பு 82 இடங்களைப் பெற்றது. ஆட்சி மாறவில்லை. மாறியது, மூன்றில் இரண்டு பங்கு என்ற கோட்டை. மலேசிய அரசமைப்பைத் திருத்த அந்தப் பெரும்பான்மை வேண்டும், அதாவது 148 இடங்கள். 1969-க்குப் பிறகு அதை இழக்காமல் வைத்திருந்த கூட்டணி, நினைத்தபோதெல்லாம் அரசமைப்பைத் திருத்திவந்தது. அந்த வசதி 8 இடங்களில் போயிற்று.

தீபகற்பத்தை மட்டும் தனியாக எடுத்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. அங்குள்ள 165 இடங்களில் ஆளும் கூட்டணிக்கு 85, எதிரணிக்கு 80. வாக்கு எண்ணிக்கையில் எதிரணியே முந்தியது. தென்சீனக் கடலுக்கு அப்பால் சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றின் 57 இடங்களில் 55 இடங்கள் ஆளுங்கட்சிக்குக் கிடைத்ததால்தான் அரசாங்கம் நிலைத்தது. அந்த மாநிலங்களை அரசியல்வாதிகள் வங்கி வைப்புத்தொகை என்று அழைப்பது இதன் பிறகே வழக்கமாயிற்று.

வாக்காளர்கள் ஏன் மாற்றம் விரும்பினார்கள் என்ற கேள்விக்கு அன்றைய ஏடுகள் ஒரு பட்டியலைத் தந்தன. சீனர்களுக்கு, மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை தந்த புதிய பொருளாதாரக் கொள்கை மீது கோபம். இந்தியர்களுக்குக் கோவில் இடிப்பு மீது கோபம். மலாய்க்காரர்களுக்கு விலைவாசி. பட்டியலில் பொய் இல்லை. ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் 2008-க்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. ஏழைத் தோட்டத் தொழிலாளி 2004-லும் ஏழைதான், இருந்தும் அந்த ஆண்டு இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையோர் தேசிய முன்னணிக்கே வாக்களித்தார்கள். அப்படியானால் நான்கு ஆண்டுகளில் புதிதாக நேர்ந்தது என்ன?

இதற்கு விடை தேட, அந்தக் கூட்டணி இயங்கிய முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாய்க்காரர்களுக்கு அம்னோ, சீனர்களுக்கு ம.சீ.ச., இந்தியர்களுக்கு ம.இ.கா. என்று இனத்துக்கு ஒரு கட்சி. மக்கள் தங்கள் குறையைத் தங்கள் இனக் கட்சியிடம் மனுவாகக் கொடுப்பார்கள். அந்தக் கட்சியின் தலைவர் அமைச்சரவையின் மூடிய கதவுக்குள் அதைப் பேசுவார். பேசியது என்ன, கிடைத்தது என்ன என்பது வெளியே தெரியாது. பதிலுக்கு மக்கள் தேர்தல்தோறும் கூட்டணிக்கு வாக்களிப்பார்கள். ம.இ.கா. வேட்பாளர் நிற்கும் தொகுதியில் அம்னோவின் மலாய் வாக்குகள் அவருக்கு விழும், அம்னோ நிற்கும் இடத்தில் இந்திய வாக்குகள் அம்னோவுக்கு விழும். இந்தியர்கள் மக்கள்தொகையில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு, நாட்டில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில்கூட அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர். ஆனாலும் 2004-இல் ம.இ.கா. போட்டியிட்ட 9 இடங்களையும் வென்றது என்றால், அது இந்த வாக்குப் பரிமாற்றத்தின் பலன்.

இந்த ஏற்பாடு ஒரு தடவை 1999-இல் ஆட்டம் கண்டது. துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டதைத் தாங்காமல் மலாய் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் எதிர்க்கட்சிகளின் பக்கம் போனார்கள். அப்போது கூட்டணியைக் காப்பாற்றியவர்கள் சீனரும் இந்தியரும். அண்டை நாடான இந்தோனேசியாவில் 1998-இல் சீனர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் அவர்கள் கண்முன் இருந்தன. இஸ்லாமிய அரசு அமைப்போம் என்ற பாஸ் கட்சியின் கொள்கையும் அவர்களைத் தடுத்தது. 2004-இல் மலாய்க்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆக, ஏதாவது ஓர் இனம் கோபித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தாங்கிப் பிடிக்கும் என்பதே இந்த அமைப்பின் பலமாக இருந்தது. 2008-இல் மூன்றும் ஒரே சமயத்தில் கையை எடுத்தன. மலாய் வாக்குகளில் சரிவு சிறியது, சீன, இந்திய வாக்குகளில் பெரியது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்தச் சிறிய மலாய்ச் சரிவு இல்லாமல் இந்த முடிவு வந்திருக்காது. கெஅடிலான் வென்ற 31 இடங்களில் பல, மேற்குக் கரையோரம் மூன்று இனமும் கலந்து வாழும் தொகுதிகள். அங்கே எந்த ஓர் இனத்தின் வாக்கும் தனியாக யாரையும் ஜெயிக்க வைக்காது.

2004-இன் பெருவெற்றியே 2008-இன் வீழ்ச்சிக்கு வித்திட்டது. 22 ஆண்டுகள் ஆண்ட பிரதமர் மகாதீரிடமிருந்து 2003 அக்டோபர் இறுதியில் பதவியேற்ற அப்துல்லா அகமட் படாவி, தன்மையானவர், நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். ஊழலை ஒழிப்பேன், மக்கள் உண்மையைச் சொன்னால் கேட்பேன் என்றார். மக்கள் அதை நம்பினார்கள். காவல்துறையைப் பற்றி ஆராய அவர் அமைத்த அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் தலையாயது. காவல்துறை எதிர்த்தது, அரசு பின்வாங்கியது. 2006 பிப்ரவரியில் பெட்ரோல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 30 சென் ஏறி 1.92 ரிங்கிட் ஆனது. 2007 செப்டம்பரில் ஒரு மூத்த வழக்கறிஞர் நீதிபதிகள் நியமனத்தைத் தொலைபேசியில் பேரம் பேசுவதாகக் காட்டிய காணொளி வெளியானது. நீதித்துறையைக் காப்பாற்றுங்கள் என்று சுமார் 2,000 வழக்கறிஞர்கள் கறுப்பு உடையில் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் நடந்தார்கள். வாக்குறுதியே தராத ஆட்சியை மக்கள் சகித்துக்கொள்வதுண்டு. நம்ப வைத்துக் கைவிட்டவரை அப்படிச் சகிப்பதில்லை. மகாதீர் காலத்துக் கண்டிப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் அப்துல்லாவின் காலத்தில் பொறுமை இழந்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அம்னோவுக்குள்ளும் தொனி மாறியிருந்தது. அதன் இளைஞர் பிரிவுத் தலைவர் ஹிஷாமுடின் ஹுசேன் 2005-இல் கட்சி மாநாட்டு மேடையில் மலாய்க்காரர்களின் பாரம்பரிய ஆயுதமான கிரிஸ் கத்தியை உயர்த்திக் காட்டினார். தொலைக்காட்சியில் பார்த்த சீனக் குடும்பங்களுக்கு ம.சீ.ச. தலைவர்கள் சொல்லும் சமாதானங்கள் அதன்பின் எடுபடவில்லை. மூடிய கதவுக்குள் பேசித் தீர்க்கிறோம் என்பவர்கள், திறந்த மேடையில் நடப்பதற்கே வாய் திறக்க முடியாதபோது உள்ளே என்ன பேசியிருப்பார்கள்? தேர்தலுக்குப் பிறகு, 2008 ஏப்ரலில், ஹிஷாமுடின் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

மனு கொண்டுபோகிறவர் மீதான நம்பிக்கை உடைந்தது எப்படி என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது இந்தியர்களின் கதை, அதிலும் தோட்டப்புறத் தமிழர்களின் கதை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷார் ரப்பர் தோட்டங்களுக்காகக் கொண்டுவந்த தமிழர்களின் வாழ்க்கை முழுவதும் தோட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. வேலை, லயத்து வீடு, பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி, மாரியம்மன் கோவில், சுடுகாடு எல்லாம் கம்பெனி நிலத்தில். எழுபதுகளுக்குப் பிறகு பால்மரங்களை அழித்து செம்பனை நட்டார்கள், அதற்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆட்களுக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நகரங்கள் விரிந்தபோது தோட்ட நிலங்களே வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் மூன்று லட்சம் பேர் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. வேலை போனவனுக்கு வீடும் அன்றே போயிற்று. சொந்த நிலம் இல்லை, நகரத்து வேலைக்கான படிப்பு இல்லை, பலரிடம் பிறப்புச் சான்றிதழோ நீல அடையாள அட்டையோகூட இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஒரு தலைமுறை நெருக்கடியில் வளர்ந்தது.

கோவில் பிரச்சினையின் வேரும் இங்கேதான் இருக்கிறது. நூறு ஆண்டுகளாகத் தோட்டத்தில் இருந்த கோவிலுக்குப் பட்டா கிடையாது, நிலம் கம்பெனியுடையது. நிலம் கைமாறியதும் அதே கோவில் சட்டவிரோதக் கட்டடம் என்றாகிவிடும். பள்ளிக்கும் இதே கதி. நாட்டில் 500-க்குச் சற்று மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பான்மை தனியார் நிலத்தில் இருந்தன, அதனால் அரசின் பகுதி உதவிதான் கிடைத்தது. கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது என்பதே தெளிவில்லை. ஆகவே வெளியில் மதப் பிரச்சினையாகத் தெரிந்தது அடியில் நிலப் பிரச்சினை. இதைப் பார்க்கத் தவறியவர்களால்தான், பின்னர் எழுந்த இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃப் வெறும் மதவாத இயக்கமாகச் சித்திரிக்கப்பட்டது.

இந்தக் காலம் முழுவதும் மனுக்கள் ம.இ.கா.விடம் போய்க்கொண்டிருந்தன. சாமிவேலு 1979 முதல் கட்சித் தலைவர், பல ஆண்டுகள் பொதுப்பணி அமைச்சர். அவர் காலத்தில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது, கல்வி நிதியும் மருத்துவப் பல்கலைக்கழகமும் அவர் முயற்சியில் வந்தவை. ஆனால் இந்தியர்களின் பொருளாதாரத்தை உயர்த்தும் என்று சொல்லி, சிறுசேமிப்புக்காரர்களிடம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டி எண்பதுகளில் தொடங்கிய மைக்கா நிறுவனம் போட்ட பணத்துக்கேற்ற லாபத்தைத் தரவில்லை. தாலியை அடகுவைத்துப் பங்கு வாங்கினோம் என்ற பேச்சு தோட்டங்களில் இன்றும் கேட்கக் கிடைக்கும். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துண்டாடப்படும் தோட்டங்களை வாங்குவதற்காகவே 1960-இல் தொடங்கிய முன்னாள் ம.இ.கா. தலைவர் வீ.தி.சம்பந்தனின் தலைமையோடு சாமிவேலுவின் தலைமையை ஒப்பிட்டுப் பேசும் முதியவர்கள் இருந்தார்கள்.

பிறகு சம்பவங்கள் அடுத்தடுத்து வந்தன. 1997-இல் எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் ஒருவரான எம்.மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியவர் என்று ஷரியா நீதிமன்றம் அறிவிக்க, இந்து மனைவியின் எதிர்ப்பையும் மீறி உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அந்த மனைவியின் வழக்கைக் கேட்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது சிவில் உயர் நீதிமன்றம். ஒரு குடும்பம் போய் முறையிட நாட்டில் இடமே இல்லை என்ற நிலை அன்று எல்லோருக்கும் தெரிந்தது. இதையடுத்து இந்து அமைப்புகள் பல சேர்ந்து உருவாக்கியதுதான் இண்ட்ராஃப். வழக்கறிஞர் சகோதரர்களான உதயகுமாரும் வேதமூர்த்தியும் அதன் முகங்களானார்கள். 2007 ஆகஸ்ட் 12-இல் அவர்கள் 18 அம்சக் கோரிக்கை மனு ஒன்றைப் புத்ராஜெயாவுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்தப் புதிய நிர்வாகத் தலைநகரமே பிராங் பெசார் முதலிய ரப்பர் தோட்டங்களை அழித்துக் கட்டப்பட்டது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. ம.இ.கா.வைச் சுற்றிக்கொண்டு நேராகப் பிரதமரின் வாசலுக்கு மனு போனது புதிது. பதில் வரவில்லை. அதே மாதம் லண்டனில் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். கொத்தடிமைகளாகக் கொண்டுவந்து, 1957-இல் எந்தப் பாதுகாப்பும் செய்யாமல் விட்டுப்போனதற்கு 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு கேட்டார்கள். தொகையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வழக்கு தோட்டத்துப் பாட்டிக்கும் பேரனுக்கும் தங்கள் வறுமை விதி அல்ல, அதற்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னது. பத்தாண்டுத் தேர்தல் பிரசாரம் செய்யாத வேலை அது.

2007 அக்டோபர் 30-இல், தீபாவளிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 ஞாயிறு காலை கோலாலம்பூரின் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கிப் பல்லாயிரம் தமிழர்கள் வந்தார்கள். நாடெங்கும் சாலைத் தடைகள், நீதிமன்றத் தடை உத்தரவு எல்லாவற்றையும் மீறி வந்தார்கள். முந்தைய இரவே பத்துமலையில் கூடியிருந்தவர்கள் மீது விடியலில் தண்ணீர் பீய்ச்சி, கண்ணீர்ப்புகை வீசினார்கள். காந்தி படத்தையும் பிரிட்டிஷ் அரசியின் படத்தையும் ஏந்தி வந்தவர்கள் நகர மையத்தில் மணிக்கணக்கில் புகைக்குள் நின்றார்கள். அடங்கிப்போகிற சமூகம் என்று பெயர் வாங்கியவர்கள் செய்ததைப் பார்த்து அவர்களுக்கே வியப்பாக இருந்திருக்கும். டிசம்பர் 13-இல் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிக் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் ம.இ.கா. செய்த தேர்வுதான் அதன் விதியை எழுதியது. கூட்டணி அரசின் பக்கம் நின்று, போராட்டத்தை அது கண்டித்தது. கைதுகளுக்குப் பிறகும் அதனால் விலகி நிற்க முடியவில்லை. 2008 ஜனவரியில் பிரதமர் கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறை அறிவித்தார். பல்லாண்டுக் கோரிக்கை அது. வேறொரு காலமாக இருந்தால் பாராட்டு விழாவே நடந்திருக்கும். அந்த ஆண்டோ, பத்துமலைத் தைப்பூசத்தைப் புறக்கணிக்கும்படி இண்ட்ராஃப் விடுத்த அழைப்பையடுத்துக் கூட்டம் வழக்கத்தைவிடக் குறைந்ததாகச் செய்திகள் வந்தன. பிப்ரவரி 16-இல் குழந்தைகளோடு ரோஜாப் பூக்களை ஏந்தி நாடாளுமன்றத்துக்குப் போக முயன்றவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. நாடாளுமன்றம் அதற்குள் கலைக்கப்பட்டு, தேர்தல் வந்துவிட்டிருந்தது.

இண்ட்ராஃப் பேரணிக்கு இரு வாரங்கள் முன், நவம்பர் 10-இல், பெர்சே என்ற தேர்தல் சீர்திருத்தக் கூட்டமைப்பு பல்லாயிரவரைத் திரட்டி அரண்மனைக்கு ஊர்வலம் போயிருந்தது. கள்ள வாக்கைத் தடுக்க விரலில் அழியாத மை, சுத்தமான வாக்காளர் பட்டியல், ஊடகங்களில் எல்லாக் கட்சிக்கும் இடம் என்பவை அதன் கோரிக்கைகளில் சில. தேர்தல் ஆணையம் மைக்கு ஒப்புக்கொண்டது. இந்தியாவிலிருந்து மையும் வந்து சேர்ந்தது. வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மார்ச் 4-இல், அந்த ஏற்பாடே ரத்து என்று அறிவித்தார்கள். இனக் குறை எதுவும் இல்லாத நடுத்தர வர்க்கத்து மலாய்க்காரருக்கும் இது ஒரு பதிலாகப் பட்டது. அன்வார் தேர்தலில் நிற்பதற்கான சட்டத் தடை ஏப்ரல் நடுவில் முடிய இருந்த நிலையில் மார்ச்சிலேயே தேர்தல் வைத்ததும் யாருக்கும் புரியாத கணக்கு அல்ல.

எதிர்க்கட்சிகளும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தன. பெரும்பாலான தொகுதிகளில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நேரடிப் போட்டியாக்கினார்கள். பாஸ் இஸ்லாமிய அரசு என்ற முழக்கத்தை ஒதுக்கிவைத்து மக்கள் நல அரசு பற்றிப் பேசியது. ஜொகூரில் குமுதா இராமன் என்ற சட்டம் படித்த தமிழ்ப் பெண்ணை, முஸ்லிம் அல்லாத முதல் வேட்பாளராக நிறுத்தியது. அவர் தோற்றார். ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பாஸ் தொண்டர்கள் வீடு வீடாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு, பழைய பயமுறுத்தல்கள் பாதி செத்துவிட்டன. செராமா எனப்படும் இரவுக் கூட்டங்களில் மலாய்க்காரரும் சீனரும் ‘மக்கள் சக்தி’ என்று தமிழிலேயே முழங்கினார்கள்.

செய்தி பரவிய வழியையும் சொல்ல வேண்டும். அன்று நாளிதழ்கள் ஆண்டுதோறும் அரசிடம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, பெரும்பாலானவை கூட்டணிக் கட்சிகளுக்கு உடைமையாக இருந்தன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் சாமிவேலு குடும்பத்தின் கையில் இருந்தது. ஆனால் தகவல் தொழில்நுட்ப முதலீட்டை ஈர்ப்பதற்காக மகாதீர் அரசு இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று தொண்ணூறுகளில் உறுதி தந்திருந்தது. அந்த வாசலில் 1999-இல் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் பிறந்தது. கண்ணீர்ப்புகைக் காட்சிகள் அதன் வழியாகவும் குறுஞ்செய்தி, குறுவட்டு வழியாகவும் தோட்டங்கள் வரை போயின. செய்தித்தாளையும் தொலைக்காட்சியையும் மட்டும் நம்பியது பெருந்தவறு என்று தேர்தலுக்குப் பிறகு அப்துல்லாவே ஒப்புக்கொண்டார்.

முடிவு வந்த இரவில் மிகவும் பேசப்பட்ட தொகுதி பேராக்கின் சுங்கை சிப்புட். 1948-இல் அங்குள்ள தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதால்தான் நாட்டில் அவசரகாலம் பிறந்தது. பிறகு சம்பந்தனின் தொகுதி, 1974 முதல் சாமிவேலுவின் தொகுதி. அங்கே டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் 1,821 வாக்குகள் வித்தியாசத்தில் அவரை வென்றார். மலேசிய சோசலிசக் கட்சிக்காரரான ஜெயக்குமார், அக்கட்சிக்குப் பதிவு மறுக்கப்பட்டிருந்ததால் கெஅடிலான் சின்னத்தில் நின்றவர். 1999-லும் 2004-லும் அதே எதிராளியிடம் தோற்றவர். தோற்ற பிறகும் தோட்டத் தொழிலாளர்களின் நில, சம்பள வழக்குகளோடு அங்கேயே கிடந்தவர். ம.இ.கா. 9 இடங்களில் 3-ஐத்தான் காப்பாற்றியது. ம.சீ.ச. 31-லிருந்து 15-க்கும், கூட்டணியின் மற்றொரு கட்சியான கெராக்கான் 10-லிருந்து 2-க்கும் சரிந்தன. 1969 முதல் பினாங்கை ஆண்ட கெராக்கானுக்கு அங்கே ஓர் இடமும் மிஞ்சவில்லை. அதன் முதலமைச்சர் கோ சூ கூனை பத்து காவானில் வீழ்த்தியவர் பேராசிரியர் பி.இராமசாமி. அவர் பினாங்கின் துணை முதலமைச்சர்களில் ஒருவரானார், அப்பதவிக்கு வந்த முதல் தமிழர். கமுந்திங் முகாமில் இருந்தபடியே சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் மனோகரன் வென்றார். ஆளும் கூட்டணியின் தீபகற்பக் கட்சிகளில் அம்னோ மட்டுமே 79 இடங்களோடு ஓரளவு தாக்குப்பிடித்தது. தண்டனை மிகக் கடுமையாக விழுந்தது மனு கொண்டுபோகும் கட்சிகளின் மீது.

தொகுதிகள் வகுக்கப்பட்ட விதம் மட்டும் நேர்மையாக இருந்திருந்தால் முடிவு இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். புத்ராஜெயாவில் 6,608 வாக்காளர்களுக்கு ஓர் உறுப்பினர், காப்பாரில் 1,12,224 வாக்காளர்களுக்கு ஓர் உறுப்பினர். காப்பாரில் வென்றவர் எதிரணியின் எஸ்.மாணிக்கவாசகம்.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. 59 இடங்களில் 31 பெற்று அமைந்த பேராக் மாநில ஆட்சி, மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதால் 2009 பிப்ரவரியில் கவிழ்ந்தது. அப்துல்லா அதே ஆண்டு ஏப்ரலில் நஜிப் ரசாக்கிடம் பதவியை ஒப்படைத்தார். இண்ட்ராஃப் ஐவர் விடுதலையானார்கள், இயக்கம் பல கூறுகளாகப் பிரிந்தது. பினாங்கின் கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் குடியிருப்பு 2009-இல், தமிழர் வாக்களித்துக் கொண்டுவந்த புதிய மாநில ஆட்சியின் காலத்தில் இடிக்கப்பட்டது. நிலத்தை விற்றது முந்தைய ஆட்சி, தீர்ப்பு நீதிமன்றத்துடையது என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தில் உண்மை இருந்தது. வீடு இழந்தவர்களுக்கு அது போதவில்லை, போதுமென்று நானும் சொல்ல மாட்டேன். மறுபுறம், சிலாங்கூரும் பினாங்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கத் தொடங்கின. கூட்டரசும் 2012 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளின் மேம்பாட்டுக்கு 10 கோடி ரிங்கிட் அறிவித்தது. 2008-க்கு முன் இத்தகைய தொகைக்குப் பல்லாண்டு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூரில் இடைத்தேர்தல் வந்தது. 2008-இல் ம.இ.கா. வெறும் 198 வாக்குகளில் பறிகொடுத்த தொகுதி, தோட்டங்கள் நிறைந்த வட்டாரம். பிரதமர் நஜிப்பும் அன்வாரும் அங்கேயே வந்து வாக்குக் கேட்டார்கள். 1,725 வாக்குகளில் ம.இ.கா.வின் கமலநாதன் வென்றார். இந்தியர்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004-இல் அந்த வாக்குகள் யாரும் கேட்காமலேயே வந்து சேர்ந்தவை. 2010-இல் நாட்டின் பிரதமரே தோட்டத்துப் பக்கம் இறங்கிவந்து கேட்ட பிறகே கிடைத்தன, அப்போதும் அவற்றில் ஒரு பகுதிதான் கிடைத்தது.